வள்ளம் எரிந்த பகல்

"போயிட்டு வாரேன்" என்று சொன்னோமா, வெறுமனே "போறேன்" என்று சொன்னோமா என்பதில் போய் இன்னாசியின் புத்தி அன்று காலையும் மாட்டிக்கொண்டது. நெருப்புக்குக் காவல் இருக்கும் முறை அன்று அவனுடையது. தீவின் கிழக்கு முனையில், மணலும் பவளக்கல்லும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்த திட்டின் மேல் கல்லடுக்கிக் குழி கட்டி, ஓலைக் கூரை இறக்கி, கடலில் போகும் கப்பலுக்குத் தெரியட்டும் என்று பதினான்கு மாதமாக அணையவிடாமல் வைத்திருந்த நெருப்பு. மூன்று நாள் அடித்த மழை விடியும்போதுதான் விட்டிருந்தது. கூரை ஒழுகிக் குழியில் பாதி சேறாகிவிட்டது. மிச்சப் பாதியில் தேங்காய் மட்டை ஒன்று கனிவதும் கறுப்பதுமாகக் கிடந்தது. குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அதை ஊதினான். ஊதினால் மனைவி மதலேன் நினைப்பில் வந்துவிடுவாள். அடுப்பு ஊதும்போது அவள் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள், புகை வராவிட்டாலும் மூடிக்கொள்வாள். அந்த மூடிய கண்ணிலிருந்து ஒரு எட்டு வைத்தால் கடைசி நாள் விடியற்காலை. பின்கட்டில் அரிவாள்மனையில் சீலா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு முட்டியில் இடித்தது. முழங்கையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது, காசு அகலத்துக்கு. "இந்த ஒரு நடை வேண்டாம்னா கேக்க மாட்டியளா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "தண்டலுக்கு வாக்குக் குடுத்தாச்சு. தோணிப் பாய் தைக்க வேற ஆளு இல்ல" என்றான் இவன். "சரி, போங்க. பிள்ளைக்குப் பேரு நானே வச்சுக்கிடுதேன்." அதற்கு இவன் ஏதோ சொன்னான். வாய் அசைந்தது நினைவிருக்கிறது. மூட்டையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றியது நினைவிருக்கிறது. செதில் நினைவிருக்கிறது. அந்தச் சொல் மட்டும் இல்லை. அவர்கள் தெருவில் முனைக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவன்கூடப் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வான். கோபத்தில் இருக்கிறவன் என்ன சொல்வான்?

தூத்துக்குடியிலிருந்து அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய், மாசிக் கருவாடு ஏற்றித் திரும்பவேண்டிய தோணி. தோணிக்குத் தலைவர் குரூஸ் தண்டல், ஐம்பத்தைந்து வயது, இந்தக் கடலில் முப்பது வருஷம் ஓடியவர். துணிக்குச் சொந்தக்காரர் காயல்பட்டினத்து உதுமான் நெயினா. சரக்கோடு சேர்ந்து தாமும் வந்தார். ஆறாம் நாள் வடகிழக்கிலிருந்து அடித்த புயல் பாய்மரத்தை முறித்துச் சுக்கானைப் பிடுங்கியது. அதற்கப்புறம் பதினோரு நாள் தோணி போன இடமெல்லாம் தண்ணீர் போன இடம். பன்னிரண்டாம் நாள் விடியலில் பவளப்பாறையில் மோதிப் பிளந்தது. பதினான்கு பேரில் நான்கு பேர் கரையேறினார்கள். தண்டல், நெயினா, பாய் இழுக்கும் கலாசி கஸ்பார், இன்னாசி. தண்டலின் முழங்கால் பாறையில் நசுங்கிப்போய்ப் பிற்பாடு வளையாத கட்டையாக ஆறிற்று. தீவு சிறியது. சுற்றி நடந்தால் நாலு நாழிகைக்குச் சற்று அதிகம். தென்னை உண்டு, நண்டு உண்டு, ஆமை வந்து முட்டையிடும், தோண்டினால் உப்புக் கரிக்கும் ஒரு குழித் தண்ணீர். சாவதற்கு அவசியமில்லாத இடம் என்று நெயினா ஒருமுறை சொன்னார்.

ஊதி ஊதித் தலை கிறுகிறுத்தது. மட்டையிலிருந்து புகை வந்தது, வெள்ளையாக, நூலாக, கூரையைத் தாண்டும் முன்பே காற்றில் இல்லாமல் போயிற்று. இன்றைக்கு என்ன கிழமை? அதுவாவது தெரிந்தால் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று தெரியும். சனிக்கிழமையானால் துணி வெளுப்பாள், ஞாயிறானால் பூசைக்குப் போய்த் திரும்பியிருப்பாள், முக்காட்டை எடுத்துக் கொடியில் போட்டிருப்பாள். தண்டல் தென்னை மரத்தில் நாளுக்கு ஒரு வெட்டு வெட்டி வைத்திருக்கிறார். நடுவில் காய்ச்சலில் கிடந்த நாட்களை இரண்டென்று வைத்தார். நெயினா கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். அவர் கணக்கில் அது மூன்று. அதனால் தண்டலுக்கு ஞாயிறு வரும்போது நெயினாவுக்குத் திங்கள் ஆகியிருக்கும், நெயினா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முகம் கழுவும்போது தண்டல் இன்றைக்கு வியாழன்தானே முதலாளி என்பார். "என் வெள்ளிக்கிழமையை என்கிட்ட விட்டிரும், தண்டல்" என்பார் நெயினா. இருவரும் சண்டை போடுவதில் இன்னாசிக்கு ஒரு நிம்மதி உண்டு, சண்டை போட்டால் ஊரில் இருப்பதுபோல் இருக்கும். ஆனால் அந்த ஒரு நாள் குறுக்கே நிற்பதால் மதலேன் தெளிவாக வரமாட்டேன் என்கிறாள். ஒரே நேரத்தில் துணியும் வெளுக்கிறாள், முக்காட்டையும் கொடியில் போடுகிறாள். முகம் இருக்கிற இடத்தில் வெளிச்சம்தான் இருக்கிறது. சோறு மட்டும் அப்படியில்லை. சோறு எப்போது கூப்பிட்டாலும் வரும். வடித்துக் கவிழ்த்த பானையின் விளிம்பில் கஞ்சி காய்ந்து தாளாக உரியும், அதை உரித்து வாயில் போட்டுக்கொள்வான், அவள் கையைத் தட்டிவிடுவாள். தட்டிய கை தெரிகிறது, கண்ணாடி வளையல் இரண்டு தெரிகிறது, அதற்கு மேலே தோள், தோளுக்கு மேலே வெளிச்சம்.

பிள்ளை இப்போது நடக்கும். பன்னிரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், எந்தக் கணக்கில் பார்த்தாலும். ஆணானால் இவன் அப்பன் பேர் சவரி. பெண்ணானால் இவன் அம்மை பேர் எலிசம்மாள். ஆனால் நானே வச்சுக்கிடுதேன் என்றவள் அந்தப் பேர்களை வைத்திருப்பாளா? ஒவ்வொரு நாளும் ஒரு பேரை வைத்து இவன் கூப்பிட்டுப் பார்த்தான். லெயோன், வா இங்கே. பிரகாசி, அதைத் தொடாதே. எதற்கும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் அது எந்தப் பேருக்கோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தெருவே அந்தப் பேரைச் சொல்கிறது, மீன்காரி சொல்கிறாள், கோயிற்பிள்ளை சொல்கிறார், உலகத்தில் அந்தப் பேர் தெரியாத ஒரே ஆள் அதன் அப்பன். அப்பன் செத்துப்போனான் என்றும் அதற்குச் சொல்லியிருப்பார்கள். ஆறு மாதம் பார்ப்பார்கள், அப்புறம் மரித்தோர் பூசை வைப்பார்கள். வராத தோணிக்கெல்லாம் அப்படித்தான். பதினான்கு பேரின் பேரையும் சுவாமியார் வரிசையாக வாசித்திருப்பார். இவன் பேரைக் கேட்டபோது மதலேன் அழுதாளா, அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? தாலியைக் கழற்றி எங்கே வைத்தாள்? வேம்பாரிலிருந்து அவள் அண்ணன் வந்து, இங்கே என்ன இருக்கு, கிளம்பு என்று கூட்டிப் போயிருப்பான். அப்படியானால் அந்தப் பின்கட்டு, அந்த அரிவாள்மனை, அந்த அடுப்பு, இவன் தினமும் போய் நிற்கிற அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவர்கள் நடுவில் போய் நின்றுகொண்டு இவன் தேடிக்கொண்டிருக்கிறான்.

கால் மரத்துப்போய் எழுந்தபோதுதான் வள்ளத்தைப் பார்த்தான். பார்க்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து நெருப்பின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான் என்பது அப்போது தெரிந்தது. திட்டை ஒட்டித் தனியாகப் போட்ட கொட்டகையில் அது கவிழ்ந்து கிடந்தது. தீவிலேயே தண்ணீர் ஏறாத இடம் அது ஒன்றுதான். தோணியின் உடைந்த பலகைகளைப் பொறுக்கி, கயிறு திரித்துத் தைத்து, இடுக்கில் தேங்காய் நார் அடைத்து, ஆமைக் கொழுப்பும் மீன் எண்ணெயும் மூன்று பூச்சு பூசி, ஏழு மாதத்தில் தண்டல் கட்டிய வள்ளம். இவனும் நெயினாவும் பிடி என்றால் பிடித்தார்கள், இழு என்றால் இழுத்தார்கள், கட்டியது அவர்தான். இரண்டு பேரைத் தாங்கும். கச்சான் காற்று, மேற்கிலிருந்து வருகிற காற்று, நிலைத்து வீச ஆரம்பித்ததும் கிளம்ப வேண்டும் என்று ஏற்பாடு. நேற்றுச் சாயந்தரம் மழை சற்று விட்ட நேரத்தில் தண்டல் கொட்டகைக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார்.

"திரும்பிட்டு. ரெண்டு நாள் பாப்போம். மூணாம் நாள் நீயும் நெயினாவும் கிளம்புங்க."

"நீங்க ஒத்தையில எப்படி, தண்டல்?"

"என்னல ஒத்தை? இத்தனை நண்டு இருக்கு." சிரித்தார். பிறகு சிரிக்காமல், "என் காலை வச்சுக்கிட்டு வள்ளத்துல என்ன செய்ய? பாரம்தான். நான் நெருப்பைப் பாத்துக்கிடுதேன். போயி ஆளு அனுப்புவியா மாட்டியா?"

"அனுப்புவேன்."

"பெறவென்ன."

அனுப்புவேன் என்று சொன்ன வாயை இன்னாசி இரவு முழுவதும் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். எந்த இடம் என்று சொல்லி அனுப்புவது? தண்டலுக்கே தீவு எங்கே இருக்கிறது என்று தெரியாது. போனால் அவர் இங்கேயே, நெருப்பைப் பார்த்துக்கொண்டு, வெட்டு வெட்டிக்கொண்டு, சண்டை போட நெயினாவும் இல்லாமல். சரி, அது மட்டுமா? அது மட்டும் என்று சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது. அந்த வள்ளத்தில் ஏறவே இவனுக்கு மனசில்லை என்பதும் உண்டு. பாறையில் மோதிய விடியலில் பக்கத்தில் நின்றவன் வாயைத் திறந்ததும் அதற்குள் அலை போனதைப் பார்த்தவன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓடும் தையலை அவன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறான். கயிறுதானே. கடலுக்குக் கயிறு ஒரு பொருட்டா. வீட்டுக்குப் போக வேண்டும் என்று பதினான்கு மாதம் அழுதவன், வீட்டுக்குப் போகிற ஒரே சாமானைக் கண்டு பயப்படுகிறான். இதை மதலேனிடம் எப்படிச் சொல்வது?

அப்படி வள்ளத்தைப் பார்த்து நின்றவன் கண்ணை எடுத்துக் கடலில் வைத்தபோது, தெற்கே அது இருந்தது. நகக்கண் அளவு வெளுப்பு. மேகம் என்று நினைத்தான். மேகம் என்றே நினைத்துக்கொண்டு இருபது தடவை மூச்சு விட்டான். இத்தனை மாதத்தில் எத்தனை மேகத்துக்கு எழுந்து ஓடியிருக்கிறான். ஆனால் மேகம் அகலும், இது அகலவில்லை. மேகம் தளர்ந்து கலையும், இது இறுகியே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்றாக இருந்தது மூன்றாகப் பிரிந்தது. மூன்று பாய்மரம். பெரிய கப்பல். மேற்கிலிருந்து வருகிற காற்றைப் பிடித்துக்கொண்டு வடகிழக்காகப் போகிறது. தீவின் இந்த முனையைத் தூரத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும். நண்பகலுக்குள் தாண்டிவிடும். இன்னாசி கத்தினான். தண்டலும் நெயினாவும் ஆமை முட்டைக்கும் தண்ணீருக்குமாக மேற்கு முனைக்குப் போயிருந்தார்கள். பாறையில் அலை உடைகிற சத்தத்தில் அவன் குரல் அவன் காதுக்கே சரியாக வரவில்லை. ஓடிப்போய்ச் சொல்லித் திரும்புவதற்குள் கப்பல் போய்விடும். நெருப்பில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டான். ஈர மட்டை, ஈர ஓலை, ஈரக் கொட்டாங்கச்சி. குழி சீறியது. வெள்ளைப் புகை எழும்பி, வெள்ளை வானத்தில் ஏறி, அங்கே எதுவும் இல்லை. வெறும் வெளுத்த வானம். அதைப் பார்த்ததும் கஸ்பார் நினைவுக்கு வந்துவிட்டான். இரண்டாம் மாதம், இதே இடம், இதே மாதிரி மூடிய வானம், ஒரு கப்பல். நான்கு பேரும் ஓலையாகப் போட்டு வெள்ளை வெள்ளையாகப் புகைத்தார்கள். அங்கிருந்து பார்த்தவனுக்கு மழைத்தூற்றலாகத் தெரிந்திருக்கும். கப்பல் போனது. போகிறது என்று தெரிந்ததும் கஸ்பார் கடலில் இறங்கி நீந்த ஆரம்பித்தான். நல்ல நீச்சல்காரன். தலை வெகுநேரம் தெரிந்தது. வெள்ளைப் புகை பிரயோஜனமில்லைல, கறுப்பா எழும்பணும், எண்ணெய் குடிச்ச மரமா இருக்கணும் என்று தண்டல் அன்று ராத்திரி தனக்குத்தானே சொன்னார்.

எண்ணெய் குடித்த மரம். இன்னாசி வள்ளத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், வள்ளத்தைப் பார்க்கவில்லை. மூன்று பூச்சு. ஏழு மாதம். நாளை மறுநாள் கிளம்ப வேண்டியது. அது தண்டலின் வள்ளம், தண்டலைக் கேட்காமல் எப்படி. நெயினாவுக்குக் காயலில் வயதான தகப்பனார் இருக்கிறார், வாப்பா கண் தெரியாமல் வாசலைத் தடவிக்கொண்டிருப்பார் என்று அடிக்கடி சொல்வார். அந்த வாப்பாவின் காத்திருப்பையும் சேர்த்தல்லவா எரிப்பது. கப்பல் பார்க்காவிட்டால்? பார்த்தும் நிற்காவிட்டால்? இன்னொரு வள்ளம் கட்ட இனிப் பலகை இல்லை. கப்பல் இன்னும் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தது. அது நகர்வதே தெரியாது, கண்ணை எடுத்து மறுபடி வைத்தால் நகர்ந்திருக்கும், வீட்டில் பிள்ளை வளர்வதுபோல. நண்டு ஒன்று அவன் பாதத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. ஒரு நடை வேண்டாம்னா கேக்க மாட்டியளா. கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டிருந்தால், வாக்கு கொடுத்ததைத் திருப்பி வாங்கியிருந்தால், தண்டல் திட்டியிருப்பார், அவ்வளவுதானே. ஒருவனுக்கு ஒரு நாள் ஒரு காரியத்தைச் செய்யவோ செய்யாமலிருக்கவோ கொஞ்ச நேரம்தான் கொடுக்கிறார்கள், மூட்டையைத் தோள் மாற்றுகிற நேரம். அது முடிந்தபிறகு பதினான்கு மாதம் உட்கார்ந்து யோசிக்கலாம். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஆமை ஓட்டில் கங்குகளை வாரிக்கொண்டிருந்தான். கை சுட்டது. சுட்டது பிறகுதான் தெரிந்தது. கொட்டகைக்குள் குனிந்து வள்ளத்தின் அடியில் கையைவிட்டு, முதலில் பாயை வெளியே இழுத்து மணலில் எறிந்தான். எதற்கு என்று தெரியாது. வள்ளமே இல்லை என்று ஆனபிறகு பாய் எதற்கு. அவன் தைத்தது, அதனால் இருக்கும். பிறகு நார் அடைத்த இடமாகப் பார்த்துக் கங்கைக் கொட்டி, முழங்காலில் விழுந்து ஊதினான்.

பிடித்துக்கொள்ளாது என்று ஒரு கணம் நினைத்தான். ஆசைப்பட்டான் என்றுகூடச் சொல்லலாம். நார் கருகியது. எண்ணெய் பொரிந்தது. அப்புறம் உள்ளே யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், தையல் நெடுக நீலமாக ஒரு சுவாலை ஓடி, மறுமுனையில் போய் எழுந்து நின்றது. கொட்டகையின் உள் ஓலை காய்ந்திருந்தது, அதுவும் பற்றியது. அடர்ந்த கறுப்பில் புகை கிளம்பி, தென்னைத் தலைகளுக்கு மேலே போய், வானத்தில் மை கொட்டியதுபோல நின்றது. ஆமைக் கொழுப்பின் வாடை குமட்டியது. பின்வாங்கி வந்து மணலில் உட்கார்ந்தான். இப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது, மெதுவாக, பக்கத்தில் வந்து உட்காருகிற மாதிரி. கப்பலுக்காகத்தான் எரித்தாயா இன்னாசி? வள்ளத்தில் ஏற வேண்டாம் என்று எரித்தாயா? கப்பல் வந்திராவிட்டால் நாளை மறுநாள் ஏறியிருப்பாயா? ஏறியிருப்பேன் என்றான். பிறகு, தெரியவில்லை என்றான். பயத்தில் எரித்த நெருப்பின் புகையும் இதே கறுப்பாகத்தான் இருக்கும், கப்பல்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. தனக்கும் தெரியவில்லை.

முதலில் வந்தவர் நெயினா. புகையைப் பார்த்து மேற்கு முனையிலிருந்து ஓடி வந்திருக்கிறார், மூச்சு இல்லை. துணிக்கடை மெத்தையில் உட்கார்ந்த உடம்பு இப்போது நரம்பும் எலும்புமாக, இடுப்பில் ஓலை முடைந்து கட்டியிருந்தார். வள்ளத்தைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்தது அலறல்தான், வார்த்தை பின்னால் வந்தது.

"யா அல்லா! என்ன காரியம் செஞ்சே இன்னாசி! என்ன காரியம் செஞ்சே!" இரண்டு கையாலும் மணலை வாரி நெருப்பின் மேல் எறிந்தார்.

"மொதலாளி, அங்க பாருங்க. கடல்ல பாருங்க."

நெயினா பார்த்தார். மணல் விரலிடுக்கில் வழிந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு சின்னக் குரலில், "போகுதே. அது பாட்டுக்குப் போகுதே" என்றார். அது உண்மை. கப்பல் முனைக்கு நேரே வந்து, அதே காற்றில், அதே வடகிழக்காக, போய்க்கொண்டுதான் இருந்தது.

தண்டல் வந்து சேர இன்னும் நேரமாயிற்று. தடியை ஊன்றி, விறைத்த காலைச் சுழற்றிச் சுழற்றி வைத்து வந்தார். ஏறி வந்து, வள்ளத்தின் முன்முனை, அணியம், உள்பக்கமாக மடிந்து விழுவதைப் பார்த்தார். அந்த அணியத்தை வளைக்க ஒரு மாதம் ஆயிற்று அவருக்கு. கடலைப் பார்த்தார். இன்னாசியைப் பார்த்தார். இன்னாசி எழுந்து நின்றான், அடி வாங்கத் தயாராக.

"கேக்க நேரமில்ல, தண்டல்."

"அந்த மிச்ச எண்ணெய் எங்கல?"

"குடிசையில. மூணு குடுக்கை."

"எடுத்துட்டு வா. எரிக்கதுன்னு ஆயாச்சு, முழுசா எரி."

இன்னாசி ஓடினான். விளக்குக்கும் பூச்சுக்கும் என்று வைத்திருந்த எண்ணெய் அத்தனையையும் கொண்டுவந்து கொடுத்தான். தண்டல் தம் கையாலேயே ஒவ்வொரு குடுக்கையாகச் சாய்த்து, தாம் கட்டிய வள்ளத்தின் மேல், பூசும்போது எவ்வளவு கவனமாகப் பூசினாரோ அவ்வளவு கவனமாக, அணியத்திலிருந்து கடைசிவரை ஊற்றினார். புருவ மயிர் பொசுங்கியது. புகை ஒரு மரம்போல எழுந்தது. பிறகு மூவரும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றார்கள். இன்னாசியால் கடலைப் பார்க்க முடியவில்லை. தண்டலின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பது வருஷம் தூரத்தில் இருப்பதையே பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண். அதில் ஒன்றும் அசையவில்லை. நெயினா ஏதோ ஓதத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஓதினார். வேர்வை முதுகில் இறங்கியது. இந்நேரம் ஊரில் என்ன கிழமையோ, பிள்ளை மத்தியானத் தூக்கத்துக்கு அழும் நேரமாக இருக்கலாம், மதலேன் மடியில் போட்டுத் தட்டுவாள், வாயால் ஒரு சத்தம் செய்வாள், உஸ் என்றா ரோ என்றா, எப்படிச் செய்வாள் என்று இவன் கேட்டதே இல்லையே. இதைக் கேட்டுவிட்டாவது சாக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். தாலி கழற்றியிருந்தாலும் சரி, அண்ணன் வீட்டில் இருந்தாலும் சரி, வாசலுக்கு வெளியே நின்று அந்த ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு.

தண்டல் தடியைச் சற்று முன்னே ஊன்றினார். "கப்பல்காரன் முன்பாயைச் சுருட்டுதான்" என்றார்.

நெயினா ஓதுவதை விட்டு எட்டிப் பார்த்தார்.

"திருப்புதான்ல. அணியம் இங்கிட்டு வருது." கையை நீட்டிக் காட்டினார். இன்னாசி திரும்பிப் பார்த்தான். பக்கவாட்டாக நீண்டு தெரிந்த கப்பல் குறுகி, மூன்று மரமும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து, ஒற்றை மரமாக நின்றது. அப்படி நின்றால் அது நேரே நம்மைப் பார்த்து வருகிறது என்று எந்தக் கலாசிக்கும் தெரியும். இன்னாசிக்கும் தெரியும். ஆனாலும் தண்டலின் முகத்தை மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டான். நெயினா மணலில் நெற்றியை வைத்துக் கிடந்தார். எழுந்தபோது நெற்றியெல்லாம் மணல். தம்மைக் குனிந்து பார்த்தார், இவர்களைப் பார்த்தார், பதறிப்போனார். "இந்தக் கோலத்திலேயா போய் நிற்கிறது? மனுஷர் முன்னாலே?" பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக மூவருக்கும் வெட்கம் வந்தது. தண்டல் ஓலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கிடந்த ஒரே துணி மணலில் இன்னாசி எறிந்த பாய். தோணியின் கிழிசல்களைப் பொறுக்கி மீன்முள் ஊசியால் அவன் தைத்தது, ஒவ்வொரு தையலையும் இரட்டையாக. கடலில் விரியாமலே அது இப்போது மூன்று துண்டாக வேண்டும். கிழியவில்லை. தண்டல் ஒரு முனையும் அவனும் ஒரு முனையுமாக இழுத்தும் கிழியவில்லை. "எதுக்குல இம்புட்டுக் கெட்டியாத் தைச்ச?" என்று கேட்டுத் தண்டல் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு நிற்காமல் இருமலாகி, கண்ணில் நீர் வழிய மணலில் உட்கார்ந்துவிட்டார். இன்னாசி பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தான். நெயினாதான் வாங்கி, கடையில் அளப்பதுபோல முழங்கை நீளத்துக்கு இரண்டு தடவை அளந்து, இருவருக்கும் இடுப்பில் சுற்றி முடிந்துவிட்டார். "முடிச்சு இடது பக்கமா வரணும்" என்றார்.

கப்பல் பாறைக்கு வெளியே நின்று ஒரு வள்ளத்தை இறக்கியது. ஆறு துடுப்பு. துடுப்பு ஏறி இறங்கும் சத்தம் தனியாகக் கேட்க ஆரம்பித்தபோது, அணியத்தில் நின்றவன் ஏதோ கூவினான். தெரியாத பாஷை. தண்டல் தடியை உயர்த்தித் தமிழிலேயே, ஊருக்கே கேட்கிற மாதிரி, "மூணு பேரு! மூணு பேரு இருக்கோம்!" என்று பதில் கூவினார். நெயினா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரை தட்டும்வரை நிற்கத்தான் இன்னாசியும் நினைத்தான். கால் நிற்கவில்லை. கணுக்கால், முழங்கால், புதிதாகக் கட்டிய துணி நனைந்து தொடையில் ஒட்டியது, பவளம் உள்ளங்காலைக் கீறியது, இடுப்பு, மார்பு. எவ்வளவு தூரம் போனான் என்று அவனுக்குத் தெரியாது. வள்ளம் அவன் மேல் ஏறிவிடாமல் துடுப்பைத் தண்ணீரில் அழுத்தி நிறுத்தினார்கள். அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான். மரம். தார் பூசிய, யார் யாரோ கை வைத்து வழுவழுத்த மரம். கன்னத்தை அதில் வைத்துக்கொண்டான். மேலேயிருந்து முகங்கள் குனிந்தன. கரிய முகங்கள், வெற்றிலைச் சிவப்பேறிய வாய்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் அவனிடம் ஏதோ சொன்னார்கள். ஒருவன் அவன் விரல்களைத் தட்டினான். இன்னொருவன் தன் கையை விரித்து விரித்துக் காட்டினான். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். பிடியை விட்டால்தானே உன்னை உள்ளே தூக்க முடியும் என்றுதான் அவர்கள் அத்தனை பேரும் சொல்கிறார்கள் என்பது இன்னாசிக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று.